இரண்டாவது ரத்தம்

முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு காவடி எடுப்பவன் நான். கன்னத்தில் அலகு ஏறும்போது கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிற ஆள். ஆனால் ஆஸ்பத்திரி ஊசி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், நான் அடுத்த தெருவில் இருப்பேன்.

மெர்டேகா, அதுதான் எங்கள் நாட்டுச் சுதந்திரம், கிடைத்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் மலாக்கா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வீடு காஜா பேராங்கில், மலாக்காச் செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியை ஒட்டினாற்போல. அந்த வருஷம் காலரா பயம் ஊரெல்லாம் இருந்தது. புதிய தடுப்பூசி மனித உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது என்று ஆராய, தலைநகரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் எங்கள் பகுதிக்கு வந்தார். அவர் பேச்சை எங்களுக்கு மாற்றிச் சொல்ல, காயத்துக்குக் கட்டுப்போடுகிற ஆஸ்பத்திரி டிரசர். அவர் நம்மவர், என் பஸ்ஸில் தினமும் வருகிறவர்.

"ரொம்ப சுலபம்ணே," என்றார் டிரசர். "மொதல்ல கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் தடுப்பூசி. சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம். காலராவ எதிர்க்கிற சத்து ஊசிக்கு முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவுன்னு ரெண்டையும் வச்சுப் பாப்பாங்க."

"மொத்தம் மூணு குத்தா?"

"மூணே மூணுலா."

"மூணே மூணாம்! என்னமோ மூணு கேசரித் துண்டு வைக்கிற மாதிரி சொல்றீங்களே!"

முதல் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கம்போங்கே வரிசை கட்டி நின்றது. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அபாங். செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறிய தமிழர் வழி. சாமி எங்கள் சாமி, பேச்செல்லாம் மலாய்தான். என்னைவிட மூத்தவர், அதனால் மலாயில் அபாங், அண்ணன். அவர் கையை நீட்டினார், ரத்தம் கொடுத்தார், வெற்றிலை வாங்கப் போகிறவர்போல எழுந்து நின்றார். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பஸ் நிற்கிற இடங்களையெல்லாம் உரக்கக் கத்த ஆரம்பித்தேன். வழியில் எங்கேயோ அபாங் என் தோளைத் தட்டி, "சூடா, சூடா," என்றார். முடிந்துவிட்டதாம். அதையும் நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு இடங்களைக் கத்திவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் மிஸ்ஸியிடம், ஊசி போட்ட நர்ஸிடம், ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. பிரயாணிகள் திட்டுகிற அளவுக்கு ஆங்கிலம் எனக்கும் புரியும். முதல் தடவை எல்லாரும் வருவார்கள், இரண்டாவது ரத்தத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள், இந்த மாதிரி ஜனங்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்றார்.

ஊசி குத்திய இடத்தைவிட அது அதிகமாக எரிந்தது. ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நாற்காலிமேல் ஏறிவிட்டேன்.

"எல்லாரும் வருவோம்! எங்க கம்போங்ல ஒரு ஆள் குறையமாட்டான்! தேதியச் சொல்லுங்க!"

தேதியைச் சொன்னார். "வருவோம்!" என்றேன். அதையே மலாயிலும் கத்தினேன். வரிசை முழுக்கக் கை தட்டியது.

வீட்டில் இந்தக் கதையை மனைவியிடம் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் தேதியை மட்டும் திருப்பிக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அன்னிக்கு உங்க கையில காப்பு இருக்குமே சாமி. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். காவடி எடுக்கிற நானே! எங்கள் மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டினால், அவிழ்க்கிற வரைக்கும் செட்டிக்காரர்களானாலும் சரி, எங்களைப் போன்றவர்களானாலும் சரி, சவரம் கிடையாது, நகம் வெட்டுவது கிடையாது, வேண்டுமென்று ஒரு சொட்டு ரத்தம் சிந்துவது கிடையாது. அலகு குத்துவது இந்தக் கணக்கில் வராது. அதில்தான் ரத்தமே வராதே.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அம்மனே பார்த்து லீவு கொடுத்துவிட்டாள்! அபாங்கும், "தா போலே," என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார். அவரே முடியாது என்றபின் யார் கேட்பது?

மறுநாள் காலை பஸ்ஸில் டிரசர் ஏறினார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"நல்ல சாக்கு கெடச்சிருச்சு போல. தொர சொன்னது சரியாப் போச்சு."

"போகட்டும்யா. மொதல்ல எடுத்தாங்களே, அந்த ரத்தம்?"

"ரெண்டாவது இல்லாம அத வச்சு என்ன செய்யிறது? கீழ ஊத்திருவாங்க."

கீழே ஊற்றுவார்களா! ரூட் முழுக்கக் கத்திக் கொடுத்த ரத்தத்தையா!

வேலை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு, டிக்கெட் பையைக்கூட இறக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எதிரே நின்றேன். நடுவில் டிரசர்.

"காப்பு அவுத்த மறுநாள் வரச் சொல்லுங்க."

ஆராய்ச்சிக்கு ஒரு முறை இருக்கிறது, திருவிழாவுக்காக அதை மாற்ற முடியாது என்றார் டாக்டர்.

"இத மட்டும் கேளுங்க டிரசரே. எங்க ரத்தத்துல ஏறுன சத்து அந்தக் கொஞ்ச நாள்ல எறங்கி ஓடிருமா?"

ஓடாது என்றார் டாக்டர்.

"அப்ப தாமதம்னு எழுதிக்கச் சொல்லுங்க. நாங்க காப்பையும் அவுக்கமாட்டோம், சொன்ன சொல்லையும் விடமாட்டோம்."

அப்படியானால் அவ்வளவு தூரத்திலிருந்து அவர் இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும் என்றார்.

"ரெண்டாவது தடவ தொர வர்றாரான்னு நாங்களும் பாக்குறோம்!"

டிரசர் என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்லணுமாண்ணே?"

"அப்படியே சொல்லும்யா!"

சொன்னார். டாக்டரின் முகம் சிவந்தது. என்னையும் என் டிக்கெட் பையையும் மாறி மாறிப் பார்த்தார். வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். முந்தின நாள் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கோவில் தெருவில் இன்னும் காயவில்லை. அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரை மஞ்சள். அபாங் தன் வீட்டாரை வரிசையில் நிறுத்திவிட்டுத் தானும் நின்றார். வரிசையின் தலையில் நான். வீரம் ஒன்றுமில்லை, பின்னால் நின்றால் ஓடிவிடுவேன் என்று தெரிந்து மனைவி முன்னால் தள்ளியிருந்தாள். என் சட்டை நுனி அவள் பிடியில் இருந்தது.

சட்டையைக் கழற்றியபோது முதுகில் கொக்கித் தழும்பு புதிதாக இருந்தது. அதைத் தாங்கினவன் இதற்கா பயப்படுகிறான் என்று டாக்டர் கேட்டாராம்.

"அது ஆத்தா குத்துறது. இவர் சம்பளத்துக்குக் குத்துறாரு. பயம் வராதா?"

கண்ணை மூடினேன். "பூங்கா ராயா!" என்று கத்தினேன். அபாங்கும் கத்தினார். அடுத்த இடத்துக்கு வரிசையே சேர்ந்து கத்தியது. புக்கிட் காதில் வந்ததும் ஊசியை எடுத்துவிட்டார்கள். அதுதான் கடைசி ஸ்டாப். நானும் இறங்கினேன், நாற்காலியிலிருந்து நேராகத் தரைக்கு. முகத்தில் தண்ணீர் தெளித்தபோது அபாங், "சூடா," என்றார். பின்னால் வரிசை கலையாமல் நின்றது. அன்று ஒரு ஆள்கூடக் குறையவில்லை.

சில மாதம் கழித்து டிரசர் பஸ்ஸில் சேதி கொண்டுவந்தார். எங்கள் ரத்தத்தில் அந்தச் சத்து நன்றாக ஏறியிருந்ததாம்.

"இன்னொண்ணுண்ணே. அது எவ்வளவு காலம் நிக்குதுன்னு பாக்கணுமாம். தொர மூணாவது ரத்தம் கேக்குறாரு."

பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வரச் சொல்லுங்க. தேதிய இந்தத் தடவ நாங்க சொல்றோம்."

என் குரல் நடுங்கியதாக டிரசர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அந்த ரோட்டில் பஸ் குலுங்கும், அவ்வளவுதான்.