விதையை இறக்கி விளக்கை ஏற்றியவர்

வாழவந்தி நாட்டுக் குப்புசாமிக்கு இருட்டு ஒரு பொருட்டே அல்ல. அமாவாசையன்று அடிவாரத்திலிருந்து மலையேறி, ஒரு கல்லில்கூடக் கால் இடறாமல் வீடு வந்து சேருவார். பந்தம் பிடித்து நடப்பவர்களைக் கண்டால், "கண்ண எரவல் வாங்கிக்கிட்டு வாராங்க" என்று சிரிப்பார். அந்த ஊரில் முதன்முதலாக விட்டத்திலிருந்து கண்ணாடி விளக்குத் தொங்கவிட்டவரும் இவர்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மலைக்கு மோட்டார் ரோடு கனவில்கூட வராத, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. மிளகுக்கு நல்ல விலை கிடைத்த சமயத்தில், அடிவாரத்திலிருந்து ஆள் தலையில் ஓடு ஏற்றி, மூன்று அறை வைத்து வீடு கட்டினார். புல் வேய்ந்த பழைய வீடு சற்றுக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. வீடு முடிகிற நேரத்தில் மிளகு கொடுக்கச் சேந்தமங்கலம் போனவரை மண்டிக்காரர் சாப்பிட உட்கார்த்திவைத்தார். தலைக்கு மேலே விளக்குத் தொங்கியது. சுவர் மாடத்து அகலில் சாப்பிட்டே பழகியவர் குப்புசாமி. அந்த வெளிச்சத்தில் தன் நிழலையும் சேர்த்துத்தான் பிசைய வேண்டும். இங்கே இலையில் சோறு மட்டும் இருந்தது. கை கழுவியவர் நேரே விளக்குக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் காளியண்ணன் தொழில் தெரிந்தவர்.

"ஏனுங்க, உங்க ஊட்டு விட்டம் எத்தன ஒசரமுங்க?"

"ஓட்டு ஊடுங்க" என்றார் குப்புசாமி.

"ஓடு சரீங்க. நின்னுக்கிட்டுக் கை தூக்குனா எட்டுமா, எட்டாதா?"

"எங்கூருல ஆரும் ஊட்டுக்குள்ள கை தூக்கிக்கிட்டு நிக்கறதில்லீங்க."

காளியண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. நாலு பேர் உட்காரும் அறைக்குப் பெரிய விளக்கு, படுக்கிற அறைக்கு அரிக்கேன், சமையல் அறையின் நட்டநடுவில் தொங்கவிட, துடைக்கச் சுலபமான சின்ன விளக்கு என்று சொல்லி மூன்றையும் கட்டிக் கொடுத்தார். அறிவுரையில் ஒரு பிழையும் இல்லை. வேறு வீட்டுக்குச் சொன்ன அறிவுரை, அவ்வளவுதான்.

மலையில் காற்றுக்குப் பயந்து வீட்டைத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள். கூரைக்கடியில் மூங்கில் பரண் ஒன்று. சாமையும் கேழ்வரகும் அதன் மேல் இருக்கும். கீழே நிற்பவருக்குப் பரணே விட்டம். குடையும் உறியும் அரிவாளும் அதில் தொங்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள கொக்கி மட்டும் விதைக்கென்றே இருப்பது. சோளக் கதிர், அவரை, சுரைக்குடுக்கையில் அடைத்த சாமை விதை எல்லாம் அங்கே புகை குடித்துக்கொண்டு அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கும். புகை பட்ட விதையில் பூச்சி விழாது. புது வீடு போகிறபோதும் முதலில் விதைதான் போகும். நல்ல நாள் பார்த்து வீட்டுக்காரி அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு வருவாள்; மறுநாள் காலையில் பழைய அடுப்பின் நெருப்பைச் சட்டியில் ஏந்திப் போய்ப் புது அடுப்பை மூட்டுவாள். அதுவரை அது வெறும் கட்டடம்.

குப்புசாமியின் மனைவி அத்தாயி முறைப்படி விதையை மாட்டிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே குப்புசாமி, அவளுக்குத் தெரியாமல் அவளைச் சந்தோஷப்படுத்துவது என்று முடிவு செய்தார். சமையல் அறையின் நட்டநடுவில் இருந்தது ஒரே கொக்கி, அடுப்புக்கு மேலே விதை தொங்கிய கொக்கி. விதையை இறக்கி மூலையில் வைத்துவிட்டுச் சின்ன விளக்கை ஏற்றினார்.

காலையில் நெருப்புச் சட்டியோடு வந்த அத்தாயி நிலைப்படியில் நின்றாள். விளக்கைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் பார்த்தாள்.

"எப்புடி இருக்குது புள்ள?"

"வெதைய எறக்கிப்புட்டு வெளக்க ஏத்துன ஊட்டுல எனக்கென்னங்க சோலி?" என்றாள். விதையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நெருப்புச் சட்டியோடு வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

விளக்கைக் கழற்றியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் விளக்கைப் பார்க்க வரும்படி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வந்தவர்களும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், குனிந்தபடி. பெரிய விளக்கு வெள்ளைப் பீங்கான் குடையோடு முன் அறையில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கியது. சங்கிலியைச் சுருக்கியும் நெற்றி உயரத்துக்குத்தான் போயிற்று. கீழ்நாட்டிலிருந்து வந்த தாலுகா சேவகன்கூட முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "மருவாதி தெரிஞ்ச ஆளு" என்று குப்புசாமி மெச்சினார்.

ஒரு வீட்டுக்காரர் இரண்டு வீட்டுக்காரரானார். கீழே அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, மேலே ஏறி வந்து மூன்று விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டுத் தனியாகப் படுப்பார். அத்தாயியின் தம்பி ராசு இதைத் தினமும் ஒருதரம் சொல்லிக் காட்டினான்.

"மாமா, வெளிச்சம் உங்க ஊட்டுல, சோறு எங்கக்கா ஊட்டுல. நல்லாத்தான் பாகம் பிரிச்சிருக்கீங்க."

"போடா மாப்ளே. அவளா வருவா."

"வருவாங்க, வருவாங்க. கூரை ஒழுகட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குப்புசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. புது வீடு வருகிறதென்று அந்த வருஷம் பழைய வீட்டுக்குப் புல் வேயவில்லை. விதை நனைந்தால் அடுத்த வெள்ளாமை போச்சு. அத்தாயி அதை உலர்ந்த இடம் பார்த்து மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். குப்புசாமி வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், பார்க்காதவர்போல் காறித் துப்புவதுமாக இருந்தார்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் விட்டதும் மண்ணைப் பிளந்துகொண்டு ஈசல் கிளம்பியது. மலையில் அந்த நேரத்தில் எரிந்த பெரிய வெளிச்சம் குப்புசாமி வீட்டுப் பீங்கான் விளக்கு ஒன்றுதான். ஈசல் கூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து இறங்கியது. பின்னாலேயே ஊரும் முறத்தோடும் கூடையோடும் வந்து இறங்கியது. பிள்ளைகள் வாரினார்கள், பெண்கள் இறக்கை புடைத்தார்கள். "நாட்டுக்கே ஈசல் கூப்புட்ட வெளக்குங்க இது!" என்று ராசு கூவினான். வாங்கிய நாள்முதல் விளக்குக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. குப்புசாமியின் காதில் விழவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன; மழைக்கு மடித்த சாக்குக் கொங்காடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அத்தாயி வந்தாள். ஒரு கையில் ஈசல் பிடிக்கத் தண்ணீர்க் குண்டான். மறுபக்கம், கொங்காடைக்குள் மார்போடு அணைத்த விதை மூட்டை.

"ஈசலுக்குத்தான் வந்தனுங்க" என்றாள், யாரும் கேட்காமலே.

குப்புசாமி மூட்டையைப் பார்த்தார். ஓரத்தில் ஈரம் தொட்டிருந்தது. முக்காலியை எடுத்துக்கொண்டு சமையல் அறைக்குப் போனார். ஊரே பார்க்க ஏற்றிய விளக்கை, ஊரே பார்க்க இறக்கினார். பிறகு கையை நீட்டினார். அவள் மூட்டையைக் கொடுத்தாள். கொக்கியில் மாட்டிவிட்டு, விளக்கும் கையுமாக நின்றார்.

"இத எங்க புள்ள மாட்டறது?"

அந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அத்தாயி வீட்டைச் சுற்றி வந்தாள்.

"திருகைக்கிட்ட மாட்டுங்க, எம்மொகத்துக்கு முன்னால. முதுகுக்குப் பின்னால வெளிச்சம் இருந்தா நான் அரைக்கறதா, என் நெழல அரைக்கறதா?"

"அரிக்கேன் படுக்கற அறைக்குன்னு கடைக்காரரு சொன்னாருங்களே" என்றான் ராசு.

"தூங்கறதுக்கு எதுக்குடா வெளக்கு? கண்ண மூடிக்கிட்டுப் பாக்கறதுக்கா? வளையத்துல கவுத்தக் கோத்து பரண் வாசல்ல தொங்கவுடு. தானியம் அள்ளறப்ப மேல இழுக்கோணும், கீழ வேலையின்னா எறக்கோணும். இவரு மாட்டுன வெளக்குல பரணுக்கு மேல ஒரே கும்மிருட்டு. எலிக்குத்தான் நல்ல காலம்."

"பெருசு?" என்று குப்புசாமி கேட்டார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"வெளியில, எறவாரத்து உத்தரத்துல. வாரவங்க எல்லாம் கும்புடு போட்டுக்கிட்டு வாரதுக்கு இதென்ன கோயிலா? அங்க மாட்டுனா ஈசலும் வெளியவே நிக்கும்."

பெரிய விளக்கு கூட்டத்தின் கைகளில் வாசலுக்குப் போயிற்று. பாதி ஈசலும் அதோடு போயிற்று. காளியண்ணன் வந்து பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அன்றுமுதல் அந்த வீட்டில் யாரும் நெற்றியில் இடித்துக்கொள்ளவில்லை. பின்னாளில் விளக்கு வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்டு வந்தபோது குப்புசாமி, "மொதல்ல விட்டத்துல ஏற்கெனவே ஆரு குடியிருக்காங்கன்னு பாரு" என்று தொடங்குவார். தானே கண்டுபிடித்ததுபோலத்தான் சொல்வார். அத்தாயியும் மறுத்துப் பேசியதில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று அத்தாயி கொங்காடையைத் திரும்பப் போட்டுக்கொண்டு கீழே போய், நெருப்புச் சட்டியை அதற்குள் மறைத்து எடுத்து வந்தாள். புது அடுப்பு எரிந்தது. புகை எழும்பி விதை மூட்டையைச் சுற்றியது. அவள் ஈசல் வறுக்க மண்சட்டியை அடுப்பில் வைத்ததும் குப்புசாமி பதறினார்.

"புது ஊட்டுல பால் காச்சாம ஈசல் வறுக்கறதா?"

"பாலு நாளைக்கும் கெடைக்கும். ஈசலு நாளைக்கு வருமாங்க?"

அவர் அடுப்போரம் குந்தினார். வறுத்ததில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, நிதானமாக மென்று, வீட்டுக்காரருக்கு உரிய தோரணையில், "உப்புப் பத்துலியே" என்றார்.