அத்தானின் போதும் போதும்

என் அக்கா வீட்டுக்காரர் ரொம்ப அடக்கமானவர். எவ்வளவு அடக்கம் என்றால், பக்கத்தில் நின்று யாராவது கெஞ்சினால்தான் சாப்பிடுவார். "போதும் போதும்" என்று தட்டுக்கு மேல் கையை விரித்துத் தடுப்பார். விரல்களுக்கு நடுவே கரண்டி நுழைய இடம் இருக்கும். அக்கா இன்னும் கொஞ்சம் போடுவாள். போடாமல் உள்ளே போய்விட்டாலோ, சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். என் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'போதும்போதும் பெரியப்பா'.

சாப்பாட்டில் மட்டுமில்லை. "எனக்கெதுக்குங்க கல்யாணம்" என்றவரை, என் அப்பா வீடு தேடிப் போய்க் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் சூப்பர்வைசர் நாற்காலியில் இவரை உட்கார வைக்க மேனேஜர் படாத பாடு பட்டார். ரிட்டயர் ஆன அன்று, 'பதவிக்கு ஆசைப்படாத மனிதர்' என்று மேடையில் பேசினார்களாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டவர், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டு வந்த அன்றே, இடது கையால் இவருக்குப் பரிமாறியிருக்கிறாள். கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் காரில் ஏற்றி, எங்கள் தெருமுனை உணவகத்துக்கு மத்தியான பஃபேக்குக் கூட்டிப் போனேன். அங்கே யாரும் யாரையும் கெஞ்ச மாட்டார்கள். மேஜையில் காலித் தட்டு இருக்கும். எடுத்துப் போட்டுக்கொண்டால் உண்டு. அத்தான் எழுந்து போய் அக்காவுக்கு ஒரு வாய் சோறு கொண்டு வருகிறாரா இல்லையா, இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

"அவருக்கு நான் போய்..." என்று அக்கா எழுந்தாள்.

"பேசாம உக்காருக்கா. உன் கை கழுத்துல தொங்குது, ஞாபகம் இருக்கா?"

என் தட்டை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்து அவர்கள் எதிரிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். கொடுமைதான். அக்காவைப் பட்டினி போட்டு அத்தானைத் திருத்தப் பார்க்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அத்தான் அசையவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் தடவினார். "கூட்டம் ஜாஸ்தி," என்றார்.

"ஆமா அத்தான். எல்லாரும் பசிக்குதுன்னு வந்திருக்காங்க. வெக்கம் கெட்டவங்க."

மேஜைகளைக் கவனிக்கும் பெண் வந்தாள். "சார், நீங்க சாப்பிடலையா?"

அத்தான் முகம் மலர்ந்தது. கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டாளே. "வேண்டாம்மா, எனக்குப் பசியே இல்ல," என்று கையை விரித்தார், விரல்களுக்கு நடுவே இடம் விட்டுத்தான்.

"சரி சார்," என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சொன்ன 'வேண்டாம்' என்பதை 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவள்தான். தட்டு இருந்த இடத்தையே அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்தார். அவள் முன்னால் இருந்த தட்டும் காலியாக இருந்தது. அது அப்போதுதான் கண்ணில் பட்டது போல.

என் பக்கம் சாய்ந்து இரகசியமாகக் கேட்டார். "உங்க அக்காவுக்கு என்ன பிடிக்கும்?"

"முப்பது வருஷமா கூட இருக்கறது நீங்க, என்னைக் கேக்கறீங்களா? இதோ உக்காந்திருக்கா. அவளையே கேளுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்கு... என்ன கொண்டு வரட்டும்?"

அக்கா திகைத்துப் போனாள். கொஞ்சம் யோசித்தாள். "எதுவானாலும் சரிங்க, சூடா இருந்தா போதும். நான் சாப்பிட உக்காரும்போது எல்லாம் ஆறிப் போயிருக்கும்." குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

அத்தான் எழுந்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, பாத்திரத்துக்கு மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அதற்குள் பஃபே முடிகிற நேரம் ஆகியிருந்தது. எதிலும் சூடு இல்லை. அந்தப் பெண்ணிடம் போனார்.

"அம்மா, கொஞ்சம் சாதமும் பருப்பும் சூடு பண்ணித் தரணும்."

"பஃபே முடிஞ்சுடுச்சு சார். இருக்கறதை எடுத்துக்குங்க."

"கோவிச்சுக்காதம்மா. ஒரே ஒரு தட்டு. அவளுக்குக் கை உடைஞ்சிருக்கு. கொஞ்சம் பாரும்மா."

எங்கள் அத்தான் கெஞ்சினார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. ஜெயித்துவிட்டேன் என்று நான் சிரித்திருக்க வேண்டும். அழுகை வந்தது. காரம் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து ஆவி பறக்க ஒரு தட்டு வந்தது. அவரே தூக்கி வந்து வைத்தார். அக்கா இடது கையால் ஸ்பூனைப் பிடித்து முதல் வாய் போட்டுக்கொண்டாள். உடனே "ஆ" என்று வாயைத் திறந்தாள், கண்ணில் தண்ணீர்.

நாக்கைச் சுட்டுக்கொண்டாள். ஊதிச் சாப்பிடும் பழக்கமே அவளுக்கு இல்லை.