கண்ணாடிக்குள் ஒரு கோபுரம்

கண்ணாடியில் தெரிகிற கோபுரத்தைக் கும்பிட்டால் புண்ணியம் சேருமா, சேராதா? பட்டப்படிப்பு முடித்த எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

திருவாடானையில் எங்கள் வீடு கோயில் மதிலை ஒட்டிய வரிசையில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நடுத்தெருவுக்கு இறங்கினால்தான் கோபுரம் கண்ணில் படும். எதிரே, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் நான்கு மாடிக்கு நீலக் கண்ணாடி பதித்துக் கல்யாண மண்டபம் கட்டினார். தெருவே கொதித்தது. ஊரின் பழமை கெட்டுவிட்டதாம். சொன்னவர்கள் எல்லோரும் ஓட்டு வீட்டை இடித்து மாடி போட்டவர்கள். போகிற போக்கில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளவும் அவர்கள் தவறுவதில்லை.

என் மகளுக்கு ஒன்றரை வயது. சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வாள். எடை ஏறவே இல்லை என்று நர்சம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஒரு மதியம் சன்னலோரம் உட்கார்ந்து பருப்புச் சோறு ஊட்டும்போது, எதிர்க் கண்ணாடியில் கோபுரம் முழுசாகத் தெரிந்தது. "சாமி பாரு, கும்பிடு" என்றேன். கை கூப்பினாள், வாயும் திறந்தது. அன்றிலிருந்து ஒரு கும்பிடுக்கு ஒரு வாய்.

இதற்கிடையில் மண்டபத்தை எதிர்த்து மனு எழுதும் பொறுப்பு, படித்த மருமகள் என்பதால், என் தலையில் விழுந்தது. மாமனார் சொல்லச் சொல்ல நான்கு குறைகளை எழுதினேன்.

பிரதோஷத்தன்று மாமியார் என் மகளைத் தூக்கிக்கொண்டு நிஜக் கோபுரத்தின் முன்னால் நின்று, "கும்பிடுத்தா" என்றார். அவள் அப்படியே திரும்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, மண்டபத்தைக் கும்பிட்டு வாயைத் திறந்தாள்.

"யாரு இப்பிடிப் பழக்கிவிட்டது?"

"தெரியலையே அத்தை."

பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருக்கவில்லை. "பிள்ளை கல்யாணத்துக்கு இப்பவே மண்டபத்தப் பிடிச்சுப் போட்ருங்க."

மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. "அஞ்சாவதா இதையும் எழுதும்மா. பச்சப் பிள்ளைக கூட சாமிக்கு முதுகக் காட்டுதுக." எழுதினேன். என் குற்றத்தை என்னுடைய அழகான கையெழுத்திலேயே.

மனு பலித்துவிடும் போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெள்ளையடிக்கச் சொல்லலாமா என்று பார்க்க வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். ஐந்தாவது குறைக்குச் சாட்சியாக நான் மகளோடு வாசலில் நிற்க வேண்டுமாம். அவளோ போன வாரம்தான் அரைக் கிலோ ஏறியிருக்கிறாள்.

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். பழக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவா? இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, வெள்ளைச் சுவரைக் காட்டிச் சோறூட்டப் பழகவா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.