ஹெர்டிஸ் பிடித்த கை

ஹெர்டிஸை எனக்குப் பிடிக்காது என்றால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் இந்த ஃபியோர்டில் மீன் ஆலைக்கு வேலைக்குப் போகிற தாய்மார்கள் எல்லாரும் பிள்ளைகளை அவள் வீட்டில்தான் விட்டாக வேண்டும். வேறு நாதி இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி குழந்தை வண்டிகளை வாசலில் பனிக்காற்றில் வரிசையாக நிறுத்திக் குழந்தைகளைத் தூங்க வைப்பாள். அவர்கள் எழுந்திருக்கும் வரை ஜன்னலோரம் கம்பளிச் சட்டை பின்னுவாள். வாய் மட்டும் ஓயாது. என் மகள் சுன்னேவாவுக்கும் ஒன்று பின்னித் தந்தாள்.

"கழுத்து இறுக்கமா இருக்கே" என்றேன்.

"காத்து போகக்கூடாதுன்னுதான். குறை சொல்ற நேரத்துல நீயே ஒண்ணு பின்னியிருக்கலாம்."

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பிள்ளையை அழைக்கப் போனேன். சமையலறைத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் நின்று சுன்னேவா பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். துண்டு எடுக்க ஹெர்டிஸ் திரும்பினாள். அவ்வளவுதான். குழந்தை குழாயின் பிடியை வெந்நீர்ப் பக்கம் தள்ளிவிட்டாள். எங்கள் ஊர் வெந்நீர் பூமிக்குள்ளிருந்து நேராக வருவது. கொதிக்கும்.

அந்த அலறலை நான் இன்னும் மறக்கவில்லை. வலது கையும் கம்பளிச் சட்டையும் நனைந்து ஆவி பறந்தது. ஓடிப்போய்ச் சட்டையைத் தலை வழியாகக் கழற்றப் பிடித்தேன்.

"விடு! மூஞ்சியும் வெந்துடும்!"

ஹெர்டிஸ் கத்திரிக்கோலை எடுத்து, தான் பின்னிய சட்டையைக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரே மூச்சில் வெட்டி எறிந்தாள். உள்ளே கை முழுக்க ரத்தச் சிவப்பு.  வாசலுக்கு ஓடி இரண்டு கையிலும் பனியை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"பனி வேணாம், தோல் செத்துடும். கொட்டுடி அதை! ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

மலைப்பாதையில் பனியை ஒதுக்கிவிட்டுத்தான் வர முடியும் என்றார்கள். அதற்குள் ஹெர்டிஸ் குழந்தையை இடுப்பில் இடுக்கி, உடம்பைப் போர்வையால் சுற்றி, கையை மட்டும் பச்சைத் தண்ணீரில் பிடித்திருந்தாள். சுன்னேவா துள்ளினாள், கடித்தாள், "அம்மா, அம்மா" என்று என்னைப் பார்த்துக் கதறினாள்.

"போதும் ஹெர்டிஸ், விட்டுடு. பிள்ளை நடுங்குறா."

"இருபது நிமிஷம் ஆகணும். போர்வையை இழுத்து விடு."

"அவ என் பிள்ளை!"

"உன் பிள்ளைதான். கை வேணுமா வேணாமா?"

ஹெர்டிஸின் தோளில் ஓங்கி அடித்தேன். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுபோனது. அழுதபோது இருந்த பயத்தைவிட அந்த அமைதி என்னைக் கொன்றது. மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அப்போதுதான் ஹெர்டிஸின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்து, பல் தந்தியடித்தது. அவளும் என் அளவுக்குப் பயந்து போயிருந்தாள்.

நேரம் ஆனதும், சாப்பாட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாளைக் கையின் மேல் நீளவாக்கில் தளர்வாகப் போட்டு மூடினாள். களிம்பு எதையும் தடவ விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

பச்சைத் தண்ணீர் எட்டாத தோளருகே ஒரு திட்டு மட்டும் ஆழமாக வெந்திருந்தது, மற்றதெல்லாம் ஆறிவிடும் என்றார் மருத்துவர். விரல்கள் பழையபடி அசையுமா என்று இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை, கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்றார். கட்டுப் பிரித்தும் சுன்னேவா அந்தக் கையை அசைக்கவில்லை. மார்போடு ஒட்டியே வைத்திருந்தாள். நான் வேலைக்குப் போகாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு நாள் ஹெர்டிஸ் பார்க்க வந்தாள். அவளைக் கண்டதும் குழந்தை வீறிட்டு என் பின்னால் ஒளிந்தாள். தண்ணீரில் அழுத்திப் பிடித்தவள் அவள்தானே. ஹெர்டிஸ் வாசற்படி தாண்டவில்லை.

"கிட்ட வரலைடா கண்ணு. இங்கயே நிக்கிறேன்."

சுன்னேவா ஷூ ஒன்றை எடுத்து அவள் மேல் வீசினாள். முழங்காலில் பட்டது. ஹெர்டிஸ் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"பாத்தியாடி? வலது கையாலதான் எறிஞ்சா!"