பேணாட்டின் சீலைக் கூரை

எங்கள் உட்துறைமுக வீதியில் ஒரு காரைப் பேணாட்டைப் போலக் குளிப்பாட்டிய மனிதர் வேறு யாரும் இல்லை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை கொடியை இறக்கிக்கொண்டு போனபோது, கடற்படையின் டொக்யாட் என்ற கப்பல் பட்டறைப் பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்த பேணாட், ஊருக்குத் திரும்பும் அதிகாரி ஒருவரின் மொரிஸ் மைனர் காரை வாங்கினார். அதற்கு மேலே தகரம் இல்லை. கன்வஸ் சீலைதான் கூரை. காற்று வேண்டுமென்றால் மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அவர் மடித்து நான் கண்டதில்லை. தனி ஆளாகக் காரில் போகிறவனை ஊர் முழுக்கப் பார்க்கவேணுமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு மனைவி, பிள்ளை இல்லை. கூட வேலை செய்தவர்கள் கொழும்புக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். ஒரே தங்கை கிறிஸ்டின் கலியாணம் முடித்து மன்னாரில் இருந்தாள். கடற்படை போன பிறகு பேணாட் ஒரு கப்பல் முகவரிடம் வேலை எடுத்தார். போவார், வருவார், கதவைச் சாத்துவார். கஞ்சன் என்றார்கள், கர்வக்காரன் என்றார்கள். எங்கள் வீதிக்கு வாய் மட்டும் ஒருநாளும் ஓய்வதில்லை.

சீலைக் கூரைக்குக் கடற்காற்று ஆகாது. உப்புப் படிந்தால் நூல் விறைக்கும். காகம் எச்சமிட்டால் உடனே துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் நிறம் போகும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீதிக் கிணறுகளோ எல்லாம் உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். நல்ல தண்ணீர் தேடி அலைந்தவருக்கு முஸ்லிம்கள் வாழும் ஜமாலியாப் பகுதியில் ஸைனுலாப்தீன் வீட்டுக் கிணறு கிடைத்தது. ஸைனுலாப்தீன் மழைக்கும் வெயிலுக்கும் மூடுகிற கித்தான் படங்கு தைக்கிறவர். லொறிக்கு, வள்ளத்துக்கு, கலியாணப் பந்தலுக்கு என்று நகரத்தில் பாதிப் படங்கு அவர் தைத்ததுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பேணாட்டின் கார் ஜமாலியாப் பக்கம் திரும்பிவிடும். முதலில் பிரஷால் தூசி தட்டுவார். பிறகு சவர்க்கார நுரையை ஒரே பக்கமாகத் தேய்த்து, வாளி வாளியாக அலசி, வேப்ப மரத்து நிழலில் காயவிடுவார். காய மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் ஸைனுலாப்தீன் கையில் ஊசியோடு உலகத்துக் கதை எல்லாம் கதைப்பார். அவருடைய மனைவி, சித்தி பரீதா என்று பெயர், உள்ளேயிருந்து பிளேன்டீ கொடுத்தனுப்புவார். ஐந்து பிள்ளைகளும் காருக்குள் ஏறி, ஹோர்னை அமத்தி, கொழும்புக்கும் மக்காவுக்கும் போய்த் திரும்பி வருவார்கள். கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் கிடந்த மனிதர் அந்த இரைச்சலுக்காகவே ஏங்கினார். இது எனக்கு அப்போதே தெரியும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

"மாசத்துக்கு ஒருக்காக் கழுவினாக் காணும் ஐயா," என்று ஆரம்பத்திலேயே ஸைனுலாப்தீன் சொல்லியிருந்தார்.

"ஓம் நானா," என்று அண்ணனுக்குச் சொல்வதுபோலத் தலையாட்டிய பேணாட், அடுத்த ஞாயிறும் காரோடு வந்து நின்றார். இப்படியே ஏழெட்டு வருஷம் போனது.

ஒரு மாரியில், நத்தார்ப் பூசைக்குப் போகிற வழியில், கூரை ஒழுகத் தொடங்கியது. கோட்டுப் போட்டுக்கொண்டு வடிவாகப் புறப்பட்டவர் நனைந்த கோழிபோலக் கோயிலுக்குள் வந்து என் பக்கத்தில் இருந்தார். நாங்கள் இருந்த வாங்கு முழுக்க ஈரம். மழை விட்டதும் காரை ஜமாலியாவுக்குக் கொண்டுபோனார். ஸைனுலாப்தீன் விரலை வைத்து அமத்த, விரல் சீலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது.

"இது வெயில் செஞ்ச வேலை இல்ல ஐயா. கழுவிக் கழுவி நீங்க செஞ்ச வேலை."

பேணாட் அந்த ஓட்டையைத் தன் கைக்குட்டையால் அடைத்துப் பார்த்தார்.

கன்வஸ் இறக்குமதி இல்லாத காலம் அது. ஸைனுலாப்தீன் விடவில்லை. ஆள் பிடித்து, தண்ணீர் ஊறாத கறுப்பு ரெக்சின் எடுத்து, கையிலிருந்த வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்து, இரட்டைத் தையல் போட்டுப் புதுக் கூரை மாட்டினார். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனிக் கழுவுற கரச்சலே இல்ல. ஊட்டுலயே ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தாச் சரி. இவ்வளவு தூரம் அலையவும் தேவையில்ல!"

"பெரிய உதவி நானா," என்றார் பேணாட். கண் பிள்ளைகள் பக்கம் போனது.

அடுத்த ஞாயிறு அவர் ஜமாலியாவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பூசையால் வந்து, படலையைச் சாத்திவிட்டு, ஈரத்துணியால் கூரையைத் துடைப்பார். தொடங்க முன்னமே வேலை முடிந்துவிடும். பிறகு துணியைப் பிடித்தபடி முற்றத்தில் சும்மா நிற்பார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும். கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவார்.

ஜமாலியாவில் சித்தி பரீதா புருஷனைப் பிடித்து ஏசினாராம். "அந்த மனிசன் கூரை கழுவவா வந்தார்? நம்மட புள்ளையளோட இருக்க வந்தார். நீங்க நல்லாத் தைச்சுக் குடுத்து அவர்ர வழியையும் அடைச்சிட்டீங்க!"

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸைனுலாப்தீன் எங்கள் வீதிக்கு வந்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் பேணாட் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தரம். விறாந்தையில் ஒரு கதிரை கிடந்தது. வீட்டில் வேறு கதிரை இல்லை. சாப்பிடும் நேரம் அதையே உள்ளே தூக்கிப் போடுவாராம்.

"இருங்கோ நானா."

"நீங்க இரிங்க ஐயா."

கதிரையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் முற்றத்துக்கு இறங்கிக் காருக்குள் ஏறி இருந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அங்கே கதைத்ததைப் போகும்போது ஸைனுலாப்தீன்தான் எனக்குச் சொன்னார்.

"புள்ளையள் உங்களைத் தேடுதுகள். நாளைக்கு வாங்க," என்று கேட்டிருக்கிறார்.

பேணாட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாராம். "கூரை நல்லாத்தான் இருக்கு நானா. கழுவ ஒண்டும் இல்லை."

"கழுவ வேணாம். சும்மா வாங்க."

பேணாட்டுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

"சும்மா ஒருத்தற்றை வீட்டை போய் எனக்குப் பழக்கமில்லை நானா," என்றார். "வந்து என்ன செய்யிறதெண்டு சொல்லித் தாங்கோ."