வரிசையில் நின்ற ரத்து

அன்று மதியம் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: முதலாளி. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் கொடுக்க வந்திருந்த தாராபுரத்துப் பெண். செக்கிங் செக்‌ஷன் அக்கா, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. நான்.

நான் குடோன் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. அதனால்தான் குடோன். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

பனியன் கம்பெனிகள் கம்ப்யூட்டர் வைக்க ஆரம்பித்திருந்த சமயம். எங்கள் சாயப்பட்டறை ஆறு கிலோமீட்டர் தள்ளி. முன்பெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவேன். இப்போது திரையில் கலரும் ரோல் எண்ணிக்கையும் போட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பட்டறையில் சீட்டு அச்சாகி வரும்.

பட்டறையில் சாயம் ஏற்றாத துணி நூற்றறுபது ரோல் கிடந்தது. நாற்பது நேவி புளூவுக்கு. மீதி நூற்றிருபது வெள்ளை பனியன் ஆர்டருக்கு.

அதற்கு முந்தின நாள் காலை நாற்பது என்று போட்டு அழுத்தினேன். திரை அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். நிட்டிங் ஹாலில் ஒருவரைக் கூப்பிட்டால் அவர் கை தூக்கும்வரை கூப்பிட வேண்டும். தூக்கவில்லை என்றால் கேட்கவில்லை. அந்தப் பழக்கம். நான்கு முறை அழுத்தினேன்.

பிறகு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. நான்கு முறை வந்தது. சந்தேகம் தட்டியது. 'ரத்து' என்றிருந்ததை மூன்று முறை அழுத்தினேன். அதற்கும் 'ஏற்கப்பட்டது' வந்தது. நான்கில் மூன்று போனால் ஒன்று. லாரியில் துணி இறக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் முதலாளி கூப்பிட்டார்.

"நாப்பதுதான சொன்னேன்? அங்க பட்டறையில ரெண்டாவது நாப்பது நேவிக்கு ஓடுதுன்னு திரை காட்டுது. எத்தன தடவ அமுத்துன?"

"நாலு தடவ முதலாளி. மூணை ரத்து பண்ணிட்டேன்."

"காலிங் பெல்லுன்னு நெனச்சுட்டாருங்க," என்றார் அக்கா. "கதவு தொறக்கற வரைக்கும் உடல."

தாராபுரத்துப் பெண் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணா, ஒவ்வொரு தடவ அமுத்தறதும் ஒரு தனிச் சீட்டுங்க. என்ன கலரு, எத்தன ரோலு, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். திரை அத வரிசையில வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிரும். பட்டறை முடிக்கற வரைக்கும் காத்திருக்காது. பட்டறையில ஒன்னு முடிஞ்சதும் வரிசையில இருந்து அடுத்தத எடுத்து அனுப்பறது வேற ஒன்னுங்க."

"ஏத்துக்கிட்டேன்னு சொல்லிச்சே."

"வாங்கி வெச்சுக்கிட்டேன்னு அர்த்தங்க. செஞ்சு முடிச்சேன்னு இல்லீங்க."

"அப்ப ரத்து?"

"அதுவும் ஒரு சீட்டுதானுங்க. நாலுக்கும் பின்னாடி நிக்குது."

எனக்குப் பிடிபடவில்லை.

"நாலும் முடிஞ்ச பெறகு வந்து அது எத நிறுத்தும்?" என்று கேட்டேன்.

அவள் திரையில் அந்த வரிசையைத் திறந்தாள். "அத நான் யோசிக்கலீங்க அண்ணா."

மூன்றாவதையும் நான்காவதையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டாவது பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இங்கிருந்து திரும்ப வாங்க முடியாதாம். நாற்பதில் எத்தனை ரோல் மிஷினுக்குள் போயிருக்கிறது என்றும் இங்கே தெரியாதாம்.

முதலாளி பட்டறைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் செல்லையும் எடுக்கவில்லை.

"கூப்புட்டுட்டே இருங்க. கை தூக்குவாங்க," என்றார் அக்கா. 

முதலாளி பைக் சாவியை எடுத்தார். "வெள்ளைக்கு நூறு ரோலு நின்னா, ஆர்டர் குடுத்த பையர்கிட்டப் பேசி, கொறைச்சு அனுப்பிரலாம். அதுக்குக் கீழ போச்சுன்னா ஆர்டரே போச்சு. நீயும் மறுபடி நிட்டிங்குக்குத்தான். ஏறு."

பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். திரை சரி என்று சொல்லியிருக்கிறது, ஆனால் அப்போது செய்யவில்லை. வேண்டாம் என்றதையும் சரி என்று வாங்கியிருக்கிறது, அதையும் செய்யவில்லை. அது பொய் சொல்லவில்லை. நானும் தப்பாக எதுவும் கேட்கவில்லை. நொய்யல் ஆற்றுப் பாலம் வரை புரிந்த மாதிரி இருந்தது. பாலம் தாண்டியதும் போய்விட்டது.

பட்டறையில் ஹிந்திக்காரத் தம்பி ஒருவன் மிஷினில் துணி ஏற்றிக்கொண்டிருந்தான். சீட்டு பக்கத்தில் செருகியிருந்தது. என் பெயருக்கு நேரே நாற்பது, நேவி. கத்தினேன். இரண்டாவது முறை கத்தியபோது கை தூக்கினான். மிஷின் நின்றது.

முதல் நாற்பதும் நீலமாகி ஒரு பக்கம் கிடந்தது. மிஷினுக்குள் போனதை எண்ண முடியவில்லை.

"சாயம் ஏறாம வெளிய நிக்கறத எண்ணு," என்றார் முதலாளி.

ஒவ்வொரு ரோலையும் தொட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

நூற்று மூன்று.