ஹாஜிரா பீ வைத்திருந்த சாவி

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு எல்லையம்மன் விரதம். அன்றைக்கு ரத்தம் பட்ட கண்ணாடிக் குழாய்களைக் கழுவ மனசு வராது. சம்பளம் வாங்குகிற இடத்தில் இதைச் சொல்ல முடியுமா? யாரிடமும் சொன்னதில்லை. ஹாஜிரா பீ வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், வெள்ளிக்கிழமை நான் போகும்போது அந்தக் குழாய்கள் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடையாறில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கழுவித் துடைக்கிற வேலை. நான் ஊரூர் குப்பத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். அவள் மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டுக்காரர் கரீமுல்லா மெத்தை தைப்பவர். மத்தியானம் சைக்கிளில் வந்து, கேட்டருகே நின்று அவளுக்குச் சூடாகச் சோறு கொடுத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு சோடாகூட வாங்கித் தந்ததில்லை. அவர் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். சாவி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து ஐஸ் வைத்த பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவு புட்டி. தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

"அடியில ஒட்டிண்டிருக்கு முத்தம்மா, கண்ணுக்குத் தெரியாது" என்றார் கூடத்தை நடத்துகிற டாக்டர் அனு அம்மா. "அடிபட்டா செவந்து வீங்கறது, ஜுரம் வரது இல்லையா? அப்படிப் பண்ணச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடற புரதம். மனுஷா உடம்புலேர்ந்து எடுக்கலை. மனுஷாளோட மரபணுவை ஒரு கிருமிக்குள்ள வெச்சு, அதைவிட்டே செய்ய வெச்சிருக்கா. யாருக்கும் ஊசி போடறதுக்கில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

அதைக் கரைத்துக் குட்டிக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தார். உருகி மறுபடி உறைந்தால் வீணாகிவிடுமாம். அதனால் ஃப்ரீசருக்குப் பூட்டு. அம்மா சாவியை எடுத்ததும் நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். ஹாஜிராவைவிட நான்தான் அங்கே பழையவள்.

"ஹாஜிரா, நீ வெச்சுக்கோ."

அவள் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கயிறு என் கண்ணிலேயே நின்றது. ஆராய்ச்சி படிக்கிற பிள்ளைகள் ஃப்ரீசரைத் திறக்கச் சொல்லி "ஹாஜிராக்கா, ஹாஜிராக்கா" என்று அவள் பின்னாலேயே போவார்கள். நான் ஈரக் கையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மனிடம் நிற்கும்போதும் எனக்குச் சாவி ஞாபகம்தான்.

குமாஸ்தா கிச்சா மயிலாப்பூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, காலி புட்டிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு மகாராணியா? பேஷ்!" என்பார். நான் மட்டும் ரொம்ப நேரம் சிரிப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அங்கே பூஜை வருஷா வருஷம் என் கையால்தான். மெஷின்களைத் துடைத்து, நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவேன். ஓடுகிற மெஷினுக்கு நான் பொட்டு வைத்ததில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃப்ரீசரிடம் வந்தேன். ஹாஜிரா பீ சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, இதை நிறுத்தாத."

"சூடம் காட்ற வரிக்கும்தான்டி. சாமிக்கு ஒரு நாளு இதுவும் ஓயட்டும்."

"இதுக்கு லீவே கெடையாது. உருகிப் பூட்சின்னா யாரு பதில் சொல்றது?"

"பூஜையில நீ இன்னாடி எனுக்கு சொல்றது? சாவி கீதுன்ற திமிரு!"

"திமிருன்னே வெச்சிக்கோ. நகர மாட்டேன்."

கிச்சா, "சபாஷ், சரியான போட்டி" என்று பொரியை வாயில் போட்டுக்கொண்டார். உண்மையில், ஒரே ஒரு தரமாவது அந்தப் பெட்டி என் சொல்படி கேட்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. சத்தம் கேட்டு வந்த டாக்டர் அம்மா, "ஹாஜிரா சொல்றது சரி. ஓடட்டும். நீ பொட்டு வை முத்தம்மா" என்றார். எல்லார் எதிரிலும். உறுமிக்கொண்டிருந்த பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். அன்றைக்கு அவள் கொடுத்த டீயை நான் தொடவில்லை.

தொண்ணூற்று ஏழில் கரீமுல்லாவுக்கு வாணியம்பாடியில் சொந்தக் கடை அமைந்தது. ஹாஜிரா பீ வேலையை விட்டாள். கடைசி நாள் சாவியைக் கழற்றி டாக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "முத்தம்மாக்காவுக்குக் குடுங்கம்மா, அது பத்தரமா பாத்துக்கும்" என்றாள். நான் மறுபடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த, எம்.எஸ்ஸி. படித்த ஸ்நேஹாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனது.

ஹாஜிரா பீயை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்ததும் படியில் ஏறித் திரும்பினாள்.

"பொய் சொல்ல மாட்டேன் யக்கா. சாவி உனுக்கு வர்லையேன்னு எனுக்கு வருத்தந்தான். ஆனா உனுக்கு வந்திருந்தா, வாணியம்பாடி போய்ச் சேர்ற வரிக்கும் எனுக்கு வயிறு எரிஞ்சிருக்கும்" என்றாள்.